காற்றை எடைபோட்ட பாஸ்கல்

பள்ளியில் பாஸ்கல் விதியை நம்மில் பலரும் படித்திருப்போம். அழுத்தத்தை அளக்கும் அலகுக்கும் அவர் பெயர்தான். ஆனால் அந்த மனிதரின் உள்ளத்தைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை.

பிளேஸ் பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். வரி அலுவலரான தந்தை கணக்குகளோடு அல்லல்படுவதைக் கண்டு, 19 வயதில் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்.

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்றே அக்கால அறிஞர் பலரும் நம்பினர். இயற்கையைப் பற்றிய கேள்விகளில் முன்னோர் சொல் அல்ல, சோதனையே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது பாஸ்கலின் உறுதி. அவர் கேட்டுக்கொண்டபடி, 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்காள் கணவர் பெரியே, பாதரசக் குழாயுடன் பூய் தெ தோம் மலைமீது ஏறினார். கீழே நகரில், மினிம் சபை மடத்துத் தோட்டத்தில், மற்றொரு குழாயை ஒரு துறவி நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருந்தார். (இந்தப் பொறுமைசாலித் துறவியை இன்று யாரும் நினைப்பதில்லை!) கீழே பாதரச மட்டம் மாறவில்லை, உச்சியிலோ சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடையே என்பது தெளிவாயிற்று.

1654 நவம்பர் 23 இரவு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றார். அதைக் குறித்து எழுதியதைத் தம் மேலாடைக்குள் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் பணியாளர் ஒருவரே அதைக் கண்டெடுத்தார்.

இயேசு சபையினரைச் சாடி அவர் எழுதிய கடிதங்களை 1657இல் உரோமை தடை செய்தது. அதே இயேசு சபையிலிருந்து வந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2023இல், பாஸ்கலின் 400ஆவது பிறந்தநாளன்று, அவரைப் போற்றித் திருத்தூது மடல் வெளியிட்டார்.

பாஸ்கல் முடிக்காமல் விட்டுச்சென்ற குறிப்புகள் 1670இல் ‘சிந்தனைகள்’ என நூலாயின. அதில் உள்ள பந்தய வாதத்தையே பலரும் பேசுவர். நமக்கு அதைவிட மேலாகத் தோன்றுவது வேறொன்று. உடல், அறிவு, அன்பு என மூன்று தளங்களை அவர் கண்டார். பொருள்கள் எத்தனை சேர்ந்தாலும் ஓர் எண்ணம் பிறக்காது; அறிவு எவ்வளவு பெருகினாலும் அது தானாக அன்பாகிவிடாது என்றார். அளப்பதில் வல்லவரான ஒருவர் இதைச் சொன்னதுதான் வியப்பு.

சொன்னதோடு நிற்கவில்லை. பாரிசில் தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு இடம் கொடுத்திருந்தார். 1662இல் அவர்களின் பிள்ளைக்கு அம்மை கண்டது. பாஸ்கலும் அப்போது கடும் நோயில் இருந்தார். அவரைக் கவனிக்க வந்துபோகும் அக்காள் வழியாக அவருடைய குழந்தைகளுக்கும் நோய் தொற்றிவிடும் என்ற அச்சம் எழுந்தது. நோயுற்ற பிள்ளையை வெளியேற்ற மனமின்றி, பாஸ்கலே தம் வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குச் சென்றார். அங்கே, தமக்குக் கிடைக்கும் அதே பராமரிப்பைப் பெறும்படி ஏழை நோயாளி ஒருவரை அழைத்துவரக் கேட்டார். அந்நேரம் ஒருவரும் கிடைக்கவில்லை. அப்படியானால், தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் ஏழைகளோடு இறக்கத் தம்மைத் தூக்கிச் செல்லுமாறு வேண்டினார், மருத்துவர்கள் இசையவில்லை. நற்கருணை பெற்றபின், ஆகஸ்டு 19 அன்று, 39ஆம் வயதில், அக்காள் வீட்டிலேயே இறைவனடி சேர்ந்தார்.