ஒரு துளி நகர்ந்தால் பக்கத்துத் துளிக்கு என்ன ஆகும்? கணக்குப் போட்டுச் சொன்ன ஸ்மோலுகோவ்ஸ்கி யார்?

மேகத்தில் மிதக்கும் நீர்த்துளி, காற்றில் பறக்கும் தூசி, ரத்தத்தில் ஓடும் சிவப்பணு. இவை எதுவுமே தனியாக நகர்வதில்லை. ஒன்று நகர்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் கொஞ்சம் நகர்த்திவிடும். இதை முதன்முதலில் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர், போலந்து இயற்பியலாளர் மரியான் ஸ்மோலுகோவ்ஸ்கி.

யார் இவர்?

1872ல் வியன்னா அருகே ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னா பல்கலைக்கழகத்தில் 1895ல் முனைவர் பட்டம். பிறகு பாரிஸ், கிளாஸ்கோ, பெர்லின் ஆய்வகங்களில் பயிற்சி. அடுத்து, இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் பேராசிரியர் வேலை. பியானோ நன்றாக வாசிப்பார். மலையேற்றம் என்றால் உயிர். அண்ணன் ததேயுஷுடன் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவர்.

ஐன்ஸ்டீனுடன் ஒரே பாதையில்

தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஏன் ஓயாமல் துள்ளுகின்றன? சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதித் தள்ளுவதால்தான் என்று 1905ல் ஐன்ஸ்டீன் விளக்கினார். அதே முடிவுக்கு வேறு வழியில், தனியாக வந்து சேர்ந்த ஸ்மோலுகோவ்ஸ்கி, 1906ல் தன் கட்டுரையை வெளியிட்டார். ஐன்ஸ்டீன் பெயர் உலகத்துக்கே தெரியும். இவர் பெயர் இயற்பியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்!

பக்கத்துக் குண்டு எப்படித் தள்ளுகிறது?

கெட்டியான திரவத்தில் ஒரு குண்டு எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதற்கு ஸ்டோக்ஸ் 1851லேயே விதி தந்துவிட்டார். ஆனா அதில் ஒரு சிக்கல். சுற்றிலும் வேறு எதுவுமே இல்லாத ஒற்றைக் குண்டுக்கான விதி அது. நிஜத்தில் அப்படி எங்கே இருக்கிறது?

1911ல் ஸ்மோலுகோவ்ஸ்கி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். ஒரு பெரிய தொட்டி நிறைய தேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை அருகருகே விடுகிறோம். ஒவ்வொன்றும் இறங்கும்போது சுற்றியுள்ள தேனையும் கீழே இழுக்கும். அந்த ஓட்டம் பக்கத்துக் குண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் தனியாக விழுவதைவிட இரண்டும் வேகமாக இறங்கும்.

எவ்வளவு வேகமாக? இடைவெளி குண்டின் ஆரத்தைப்போல 10 மடங்கு என்றால், பக்கவாட்டில் இருக்கும்போது சுமார் 7.5% கூடுதல். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தால் சுமார் 15%. தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தத் தாக்கம் பாதியாகத்தான் குறையும். அதாவது, ரொம்பத் தள்ளி இருக்கும் துகளைக்கூட அலட்சியப்படுத்த முடியாது.

ஆனா பாத்திரம் முழுக்கத் துகள்கள் இருந்தால் கதை தலைகீழ். எல்லாம் கீழே வர, திரவம் மேலே போயே ஆக வேண்டும். அந்த எதிரோட்டத்தில் எல்லாமே மெதுவாகிவிடும்.

கடைசிக் கணக்கு

1913ல் கிராகோவ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். அந்த நெருக்கடியிலும் வேலை நிற்கவில்லை. தண்ணீரில் மிதக்கும் தங்கத் துகள்கள் உப்பு சேர்த்ததும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்று வேதியியலாளர் சிக்மோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கான கணிதத்தை ஸ்மோலுகோவ்ஸ்கி எழுதினார். துகள்கள் அலைந்து, சந்தித்து, ஒட்டி, எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதற்கான சமன்பாடு அது. நெரிசல் இரண்டு மடங்கானால், எண்ணிக்கை பாதியாகக் குறையும் நேரமும் பாதியாகும்.

1917ல் அவரைப் பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பேற்கும் முன்பே, அந்த செப்டம்பரில், வயிற்றுக்கடுப்பு நோய்க்குப் பலியானார். வயது 45. அவருக்கு இரங்கல் கட்டுரை எழுதியவர்களில் ஐன்ஸ்டீனும் ஒருவர்.

அவர் தொட்ட துறைகளில் பிறகு நோபல் பரிசுகள் வந்தன. சிக்மோண்டிக்கு 1925க்கான பரிசு. பெரன், ஸ்வெட்பெர்க் இருவருக்கும் 1926ல். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்பதால் ஸ்மோலுகோவ்ஸ்கி பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனா கணக்கு வாழ்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1943ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவரது கோட்பாட்டை விரிவாக விளக்கினார். மேகத்தில் துளிகள் சேர்ந்து மழையாவது முதல் புகைத் துகள்கள் திரள்வது வரை, இன்றும் கணினிகளில் ஓடுவது அவர் போட்ட சமன்பாடுதான்.