கூஃபா நகரத்துத் துணி வணிகர்

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் திருப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உங்கள் உள்ளத்தில் தோன்றுவது மாபெரும் சட்டமேதை ஒருவரின் நினைவே. தமிழகத்து முஸ்லிம்களில் பெருந்தொகையினர் தொழுகை முதல் திருமணம் வரை அன்னாரின் பெயரால் விளங்கும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றி வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால், அப்பேரறிஞர் துணிக்கடை நடத்திய ஒரு வணிகர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? சட்ட நூல்களைக் கற்க வாய்ப்பில்லாதவரும் அன்னாரின் கடையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனை இவ்வெள்ளியன்று சிந்திப்போம்.

ஹிஜ்ரி 80-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 699-இல், ஈராக்கிலுள்ள கூஃபா நகரில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். நுஃமான் என்பது இயற்பெயர்; தந்தையார் பெயர் ஸாபித். பட்டும் கம்பளியும் கலந்து நெய்யப்படும் 'கஸ்' என்னும் உயர்ரகத் துணியை விற்பதே அன்னாரின் தொழில். கடைவீதிக்கே சென்று வந்த அவ்விளைஞரின் கூர்மதியைக் கண்ட ஷஅபீ (ரஹ்) என்னும் பெரியார், அறிஞர்களின் அவைக்கும் செல்லுமாறு அறிவுறுத்தினார்கள். அதன் பின்னர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் பயின்று, ஹிஜ்ரி 120-இல் ஆசிரியர் மறைந்ததும் அவ்விடத்தில் அமர்ந்து கற்பித்தார்கள். எனினும் கடையை மூடிவிடவில்லை. கூட்டாளிகளையும் முகவர்களையும் அமர்த்தி வணிகத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

வணிகத்தில் விற்பவரும் வாங்குபவரும் அறிவால் சமமானவர் அல்லர். ஒருவருக்குச் சரக்கின் குறை தெரியும்; மற்றவருக்குத் தெரியாது. ஒருவருக்குச் சந்தை விலை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்விலேதான் பலர் தம் இலாபத்தைத் தேடுகின்றனர். இமாம் அவர்களோ, எதிரில் நிற்பவரின் அறியாமையைத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகவே கருதினார்கள்.

ஒருமுறை ஒரு பெண்மணி தம் பட்டாடையை விற்க வந்து நூறு திர்ஹம் விலை கேட்டார். அவ்வாடை அதனினும் மதிப்புடையது என்று இமாம் அவர்கள் கூறவே, அப்பெண்மணி நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை சென்றார். இன்னமும் கூடுதல் பெறும் என்றதும், தம்மைக் கேலி செய்வதாக அவர் வருந்தினார். விலை மதிப்பிட ஓர் ஆளை அழைத்து வரச் செய்து, இறுதியில் ஐந்நூறு திர்ஹம் கொடுத்தே இமாம் அவர்கள் அதனை வாங்கினார்கள். நூறு திர்ஹமுக்கு வாங்கியிருந்தால் குறைசொல்ல எவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

மற்றொரு நாள் முதிய பெண்மணி ஒருவர் வந்தார். தாம் ஏழை என்றும், அடக்க விலைக்கே துணி வேண்டும் என்றும் வேண்டினார். இமாம் அவர்கள் நான்கு திர்ஹம் மட்டும் கேட்டார்கள். அவர் ஐயுற்றபோது கணக்கையும் விளக்கினார்கள். இரண்டு துணிகளைச் சேர்த்து வாங்கியதில், நான்கு திர்ஹம் நீங்கலாக முதல் முழுவதும் ஒன்றை விற்றதிலேயே திரும்பிவிட்டது. ஆகவே மற்றதன் அடக்கம் அந்த நான்கு திர்ஹமே! ஏழைக்கு இரங்கியதோடு, அவர் பிச்சை பெற்றதாக எண்ணாதபடி கணக்கையும் காட்டிய பண்பு நம் நெஞ்சில் பதிய வேண்டியதாகும்.

இக்கொள்கைக்காக இழப்பையும் அன்னார் ஏற்றார்கள். கூட்டாளியான ஹஃப்ஸ் என்பவரிடம் ஒரு சரக்கை ஒப்படைத்து, அதில் ஒரு துணியில் குறையுண்டு. அதனைச் சொல்லியே விற்க வேண்டும் என்று பணித்திருந்தார்கள். அவரோ மறதியால் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம் அவர்கள், குறையுள்ள துணியின் விலையை மட்டுமன்று, அச்சரக்கு முழுவதற்கும் கிடைத்த தொகையையே தர்மம் செய்துவிட்டார்கள்.

கடன்பட்டவரிடம் நடந்துகொண்ட விதத்தையும் கேளுங்கள். வீதியில் தம்மைக் கண்டதும் ஒருவர் ஒதுங்கி ஒளிவதை இமாம் அவர்கள் கவனித்துக் காரணம் கேட்டார்கள். பதினாயிரம் திர்ஹம் கடனைத் தீர்க்க இயலாத வெட்கமே காரணம் என்று அறிந்ததும், அக்கடன் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அத்துடன் நில்லாது, தம்மைக் கண்டு அவர் அடைந்த அச்சத்திற்காக அவரிடமே மன்னிப்பும் வேண்டினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இவ்வாறு நடந்தும் அன்னாரின் வணிகம் நலிந்துவிடவில்லை, செழித்தது. அந்த இலாபம் எங்கே சென்றது? ஆண்டுதோறும் சேரும் ஆதாயத்தைக் கொண்டு கல்விமான்களின் உணவு, உடை முதலிய தேவைகளை நிறைவு செய்தார்கள். எஞ்சிய பொற்காசுகளையும் அவர்களுக்கே வழங்கி, இறைவனுக்கு மட்டும் நன்றி செலுத்துமாறு கூறினார்கள். வறுமையினால் பாடத்தை விட்டு நின்றுபோன ஒரு மாணவருக்கு நூறு திர்ஹம் அடங்கிய பையைக் கொடுத்து, அது தீருமுன்பே மீண்டும் மீண்டும் கொடுத்து வந்தார்கள். அம்மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாகத் திகழ்ந்த அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள். கல்வியாளர் அரண்மனை வாயிலில் கையேந்தி நிற்கலாகாது என்னும் தொலைநோக்கு இதில் விளங்குகிறதல்லவா?

கடையில் கடைப்பிடித்த மரியாதையைக் கல்விச் சபையிலும் கைவிடவில்லை. சிக்கல் ஒன்றை முன்வைத்து, மாணவர்கள் தாராளமாக வாதிட இடமளித்த பிறகே முடிவு காண்பது அன்னாரின் வழக்கம். அபூயூசுஃப், முஹம்மது ஷைபானீ (ரஹ்) ஆகிய மாணவர்கள் ஆசிரியரோடு மாறுபட்ட இடங்கள் பல; அம்மாறுபாடுகளும் அதே மத்ஹபின் நூல்களில் பேணப்பட்டுள்ளன. காணாத சரக்கை வாங்கியவர், கண்ட பின்னர் விரும்பாவிடில் விலைப்பேச்சை முறித்துக்கொள்ளும் உரிமை ஹனஃபி சட்டத்தில் உண்டு. அறிவுத்தெளிவுள்ள வயது வந்த ஒருவர் செலவாளியாக இருப்பினும், தம் பொருளை ஆளும் அவரது உரிமையைப் பறித்தல் ஆகாது என்பது இமாம் அவர்களின் தீர்ப்பு. இதில் மாணவர் இருவரும் மாறுபட்டனர். செல்வத்தின் இழப்பினும் மனிதத் தன்மையின் இழப்பு பெரிது என்பதே அன்னாரின் வாதம்.

அந்தக் கடை தந்த சுதந்திரத்திற்குச் சோதனையும் வந்தது. உமையாக்களின் ஈராக் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி ஏற்குமாறு வற்புறுத்தினார்; மறுத்தமைக்காகக் கசையடி கிடைத்தது. பின்னர் அப்பாஸிய கலீஃபா மன்சூர் நீதிபதிப் பதவியை ஏற்கப் பணித்தார். மீண்டும் மறுத்தார்கள், பக்தாதில் சிறை கிடைத்தது. ஆட்சியாளரின் ஊதியத்தை நம்பி வாழ்பவராக இருந்திருப்பின் அவ்வளவு உறுதியாக மறுத்தல் எளிதாக இருந்திருக்குமா? ஹிஜ்ரி 150-இல், கி.பி. 767-இல், பக்தாதிலேயே அன்னாரின் உயிர் பிரிந்தது. சிறையிலேயே மறைந்தார்கள் என்போரும் உளர். மக்கள் வெள்ளமெனத் திரண்டமையால் ஜனாஸாத் தொழுகை பலமுறை நடத்தப்பட்டது. அடக்கத்தலம் அமைந்த பகுதி இன்றும் அன்னாரின் சிறப்புப் பெயரால் அஃளமிய்யா என்றே வழங்குகிறது.

வாசகப் பெருமக்களே! உங்களிற் சிலர் பெருங்கடைகளை நடத்துவீர்கள். சிலர் தெருவோரத்தில் விற்பீர்கள். சிலர் பிறரிடம் பணிபுரிவீர்கள். எத்தொழிலாயினும், உங்களுக்குத் தெரிந்தது எதிரில் நிற்பவருக்குத் தெரியாத ஒரு தருணம் நாள்தோறும் வரும். விலை கேட்கும் பெண்மணியிடமும், கூலிக் கணக்கு அறியாத தொழிலாளியிடமும், கடனைத் தீர்க்க இயலாமல் கூசி நிற்பவரிடமும் அத்தருணம் வரும். அப்போது எவரும் பார்க்காவிடினும் இறைவன் பார்க்கின்றான் என்பதையும், கூஃபா நகரத்துத் துணி வணிகர் நூறு திர்ஹம் ஆடைக்கு ஐந்நூறு கொடுத்ததையும் நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் வணிகத்தில் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக!