மூன்று தீபாவளி ஓடிய படம், இரண்டு தீபாவளி சிறையில் இருந்த நாயகன்



தீபாவளியன்று நம் கிளப் ஹவுஸில் ஸ்வீட் பாக்ஸ் வாங்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நான்கு இளைஞர்கள் அன்று ரிலீசான படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தியேட்டருக்குப் போக நேரம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நாலு வாரத்தில் ஓ.டி.டி.யில் வந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி ஓடிய படம் ஒன்று உண்டு, எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் என்று பெருமையாகச் சொன்னேன். அதில் ஒரு தம்பி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் அந்த நடிகர் அதற்குப் பிறகு எங்கேயோ போயிருப்பாரே என்றார். ஸ்வீட் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எங்கே போனார் என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் என் பக்கத்துக் கதை கொஞ்சம். பேங்க்கில் சேர்வதற்கு முன்பே எனக்கு எண்களின் மேல் ஆசை. அந்த ஆசையை வளர்த்தது பள்ளிக்கூடம் அல்ல, பேப்பரில் வந்த சினிமா விளம்பரம். எழுபதுகளில் காலையில் பேப்பர் வந்ததும் அப்பா தலைப்புச் செய்தியைப் பார்ப்பார், நான் சினிமாப் பக்கத்தைப் பார்ப்பேன். இன்று முதல், 50வது நாள், வெற்றிகரமான 25வது வாரம், தினசரி 3 காட்சிகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மேலே பெரிய எழுத்தில் மவுண்ட் ரோடு தியேட்டர் பெயர், கீழே சின்ன எழுத்தில் மற்ற தியேட்டர்கள். நம் பல்லாவரம் ஜனதா, தாம்பரம் நேஷனல் பெயர்கள் அந்த வரிசையில் வர நாளாகும். பட்டணத்தில் ஓடிக் களைத்த ரீல் பெட்டிதான் நம் பக்கம் வரும். நான் ஒரு நீள நோட்டில் படத்தின் பெயர், தியேட்டர், நாள் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைப்பேன். பின்னாளில் லெட்ஜர் எழுதியபோது இது எனக்குப் புது வேலையாகத் தோன்றவில்லை.

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அப்பா சிரித்தார். நான் எழுதியிருந்த எந்தப் படமும் ஹரிதாஸுக்குப் பக்கத்தில் வராது என்றார். பாகவதர் பெயரை நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டது அன்றுதான். அவர் இறந்த வருஷம் 1959. நான் பிறந்ததும் அதே வருஷம்.

தியாகராஜன் 1910 மார்ச் 1ஆம் தேதி மாயவரத்தில் பிறந்தார். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆசாரி நகை வேலை செய்பவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் பட்டறையிலும் மனம் இல்லை, பள்ளியிலும் மனம் இல்லை. பாட்டு, பாட்டு, பாட்டுதான். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் ரசிக ரஞ்சன சபா என்ற நாடகக் குழுவை நடத்திவந்தார். அவர் இந்தப் பையனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். பாகவதர் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மேடையில் அவரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்த பவளக்கொடி நாடகத்துக்கு நல்ல கூட்டம். அதையே டைரக்டர் கே.சுப்ரமணியம் 1934இல் படமாக எடுத்தார். நம் அடையாறில்தான் படப்பிடிப்பு. விளக்கு வெளிச்சம் கிடையாது, வெயிலை நம்பித்தான் வேலை. வசனமும் பாட்டும் அந்த இடத்திலேயே பதிவாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு மிச்சத்துக்கு வரும் காக்கைகளின் சத்தம் தாங்காமல், அவற்றை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்திருந்தார்களாம். படத்தில் சுமார் 50 பாட்டு. இன்று 50 நிமிஷம் உட்காரவே நமக்குப் பொறுமை இல்லை.

1937இல் சிந்தாமணி வந்தது. மதுரை ராயல் டாக்கீஸார் தயாரித்து, ஒய்.வி.ராவ் இயக்கிய படம். ஒரே தியேட்டரில் ஒரு வருஷம் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்ற பெயர் அதற்குத்தான். வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். படத்தின் பெயரில் தியேட்டர் எழுந்ததைப் பேங்க் பாஷையில் சொன்னால், லாபம் அசையாச் சொத்தாக மாறிவிட்டது. அதே வருஷம் அம்பிகாபதி, 1939இல் திருநீலகண்டர், 1941இல் அசோக் குமார், 1943இல் சிவகவி. தோள் வரை சுருண்டு விழும் முடிக்குப் பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு என்று அவரைப் போலவே ஊரெல்லாம் திரிந்தது.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ். தேதி அக்டோபர் 16, தியேட்டர் பிராட்வே. உங்களில் பலர் 21ஜி பஸ்ஸில் போய் இறங்கும் அதே பிராட்வேதான். சுந்தர் ராவ் நட்கர்னி டைரக்‌ஷன், பாபநாசம் சிவன் பாட்டு, ஜி.ராமநாதன் இசை, டி.ஆர்.ராஜகுமாரி கதாநாயகி. பெற்றவர்களை வீட்டை விட்டுத் துரத்திவிட்டு, தாசியின் பின்னால் போய் எல்லாவற்றையும் இழக்கும் மகனின் கதை. கால்களையும் இழந்து, மனம் திருந்தி, தாய் தந்தைக்கே சேவை செய்கிறான். உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த மன்மதன் பாட்டு இந்தப் படத்தில் வருவதுதான்.

அந்தக் காலப் படங்கள் ஏன் அத்தனை நாள் ஓடின என்று நீங்கள் கேட்கலாம். ஜனங்களுக்கு ரசனை அதிகம் என்று என்னைப் போன்ற கிழவர்கள் சொல்லிக்கொள்வோம். உண்மையில் கணக்கு வேறு. யுத்த காலம். ஃபிலிம் சுருள் கிடைப்பதே கஷ்டம். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. ஹரிதாஸும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதுப் படங்கள் குறைவு, தியேட்டர்கள் குறைவு, பிரிண்டும் குறைவு. வீட்டில் டி.வி. கிடையாது. ஒரு பாட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், கிராமபோன் இல்லாதவர் மறுபடி டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். இத்தனையும் சேர்ந்து ஒரு நல்ல படத்தைத் தூக்கி நிறுத்தின.

எங்கள் குடும்பம் அப்போதே மேற்குத் தாம்பரத்தில் இருந்தது. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. 16 வயதில் அப்பா அந்த ரயிலில் போய், பீச் ஸ்டேஷனில் இறங்கி, பிராட்வே வரை நடந்து ஹரிதாஸ் பார்த்தார். 1944, 1945, 1946 என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தடவை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

லட்சுமிகாந்தன் என்று ஒருவர் சினிமா தூது என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அசிங்கமாக எழுதுவதுதான் அதன் வியாபாரம். பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனு கொடுத்து அதன் லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் இந்து நேசன் என்று வேறு பத்திரிகையில் தொடர்ந்தார். ஹரிதாஸ் ரிலீசாகி மூன்று வாரம் ஆனபோது, 1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். டிசம்பர் கடைசியில் பாகவதர் கைதானார். கலைவாணரும் நாயுடுவும் கைதானார்கள்.

வழக்கு ஜூரிகள் முன்னால் நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே 3ஆம் தேதி ஆயுள் தண்டனை. அக்டோபரில் ஹைகோர்ட்டும் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அது வழக்கை மறுபடி விசாரிக்கும்படி ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரல் 25ஆம் தேதி இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

இந்தத் தேதிகளை ஒரு பக்கமும் ஹரிதாஸ் ஓடிய நாட்களை இன்னொரு பக்கமும் எழுதிப் பாருங்கள். மூன்று தீபாவளி என்றால் மூன்று வருஷம் அல்ல. முதல் தீபாவளியிலிருந்து மூன்றாவது தீபாவளி வரை இரண்டு வருஷம், அதாவது 730 நாள் சொச்சம். தண்டனை வந்த நாளிலிருந்து விடுதலை வரை இரண்டு வருஷத்துக்கு எட்டே நாள் குறைவு. பிராட்வேயில் படம் ஓடிய காலமும் அவர் கைதியாக இருந்த காலமும் ஏறக்குறைய ஒரே அளவு. படம் மூன்று தீபாவளி பார்த்தது. அதில் இரண்டை அவர் சிறையில் கழித்தார். பேப்பரின் ஒரு பக்கத்தில் வழக்குச் செய்தியும் இன்னொரு பக்கத்தில் அவர் பட விளம்பரமும் வந்த நாட்கள் எத்தனையோ இருந்திருக்கும். விளம்பரத்தில் வாரக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. உள்ளே அவர் எண்ணிய நாட்களை எந்தப் பேப்பரும் கட்டம் கட்டிப் போடவில்லை.

1946இல் மூன்றாவது தடவை போனபோது தியேட்டரே வேறு மாதிரி இருந்தது என்று அப்பா சொல்வார். கால் இழந்த ஹரிதாஸ் தரையில் தவழ்ந்து வரும் இடத்தில் பெண்கள் பக்கமிருந்து விசும்பல் கேட்டதாம். படத்துக்காக அழுதார்களா, உள்ளே இருக்கும் மனிதருக்காக அழுதார்களா என்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

கைதான நேரத்தில் அவர் கையில் பல படங்கள் இருந்தன. எல்லாம் போயிற்று. அவர் நடிக்க இருந்த உதயணன் படத்தில் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். விடுதலைக்குப் பிறகு 1948இல் ராஜமுக்தி வந்தது. ஓடவில்லை. 1952இல் அமரகவி, சியாமளா. அவையும் கைகொடுக்கவில்லை. குரல் கெட்டுவிட்டதா என்றால் இல்லை. காலம் மாறிவிட்டது. பின்னணிப் பாட்டு வந்த பிறகு, நடிகருக்குப் பாடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. பாட்டுக்காகப் படம் பார்த்த ஜனங்கள் வசனத்துக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி அதை முடித்து வைத்தது. கூடவே சிறையில் இருந்த கலைவாணர் நல்லதம்பி, மணமகள் என்று மறுபடி எழுந்துவிட்டார். நகைச்சுவைக்குக் காலம் இடம் கொடுத்தது, பாகவதருக்குக் கொடுக்கவில்லை.

கடைசி வருஷங்களில் சர்க்கரை வியாதி அவர் கண் பார்வையை வாங்கிக்கொண்டது. கச்சேரிகள் செய்தார், கோயில்களில் பாடினார். 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. அவருடைய கடைசிப் படம் சிவகாமி மறு வருஷம்தான் வெளிவந்தது. அந்த ரிலீஸ் விளம்பரத்தை அவர் பார்க்கவில்லை. உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊரில் இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

2005இல் வந்த சந்திரமுகி சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியதாக விளம்பரங்கள் வந்தபோது நான் சர்வீஸில் இருந்தேன். பழக்க தோஷத்தில் அந்த எண்ணையும் குறித்து வைத்தேன். பக்கத்தில் ஹரிதாஸ் என்று எழுதி, மூன்று தீபாவளி என்று போட்டேன். போட்ட பிறகு கை நின்றுவிட்டது. அந்த எண் தியேட்டர்காரர் கணக்கு. பாகவதர் கணக்கு அதில் இல்லை. அதனால் கீழே, இரண்டு தீபாவளி சிறை என்றும் எழுதினேன். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது.

நான் இன்னும் பழைய விளம்பரங்களின் பைத்தியம்தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் இனி கிளப் ஹவுஸில் ஹரிதாஸ் பெருமை பேசினால், பாதியில் நிறுத்த மாட்டேன். அன்று கேள்வி கேட்ட தம்பிக்கு என் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பெரியவர்களின் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில் விரித்த பழைய பேப்பர் இருக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் சினிமாப் பக்கத்தைப் பாருங்கள். விளம்பரம் இருந்தால் அசோசியேஷன் ஆபீசில் என் பெயருக்குக் கொடுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பொங்கலுக்கு நம் நோட்டீஸ் போர்டில் எல்லாவற்றையும் ஒட்டிவைப்போம். அந்த நான்கு இளைஞர்களும் வந்து பார்க்க வேண்டும்.