பரம அரூபி ஆனந்தர்: தண்ணீர்ப்பள்ளியில் விதைத்தவர்

தமிழகத்திற்கு வந்து தமிழரோடு தமிழராய் வாழ்ந்த மேனாட்டுத் துறவியர் என்றவுடன், 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்த தெ நொபிலியும், தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் நம் நினைவில் முந்தி நிற்பர். அவர்கள் விட்டுச் சென்ற நூல்கள் இன்றும் அவர்களுக்காகப் பேசுகின்றன. அதே வழியில் இருபதாம் நூற்றாண்டில் நடந்த ஒருவர், தமிழுக்கு நூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. காவிரிக் கரையில் ஒரு மாந்தோப்பையும் சில குடில்களையும் மட்டுமே விட்டுச் சென்றார். அவர் எதிர்பார்த்த சீடர் கூட்டம் அவர் கண் மூடும் வரை வரவில்லை. ஆயினும் அத்தோப்பு இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் மக்களை ஈர்க்கும் துறவற இல்லமாக நிற்கிறது. சுவாமி பரம அரூபி ஆனந்தர் என்னும் பெயர் பூண்ட அருட்தந்தை ழூல் மொன்ஷனேன் அவர்களின் வாழ்வை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதே.

மொன்ஷனேன் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஃப்லேரி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமை முதலே உடல் நலிந்தவர். ஈளை நோய் வாழ்நாள் முழுதும் அவரை வாட்டியது. அறிவோ கூர்மையானது. 1922இல் குருப்பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்திற்கான ஆய்வைத் தொடராமல் கைவிட்டு, சுரங்கத் தொழிலாளர் வாழும் பங்கில் பணியாற்றச் சென்றார். பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த இறையியலறிஞர் ஆன்றி தெ லுபாக் அவருடைய நெருங்கிய நண்பர். பிரான்சிலேயே இருந்திருப்பின் பெரும் பேராசிரியராகப் புகழ் எய்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1932இல் கண்ட கொடிய நோயின்போது, பிழைத்து எழுந்தால் இந்தியாவுக்கே தம்மை ஈந்துவிடுவதாக அவர் நேர்ந்துகொண்டார். பிழைத்தார், வாக்கை மறக்கவில்லை. வடமொழியையும் இந்தியத் தத்துவத்தையும் பயின்று, 1939இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

வந்தவுடன் ஆசிரமம் அமைக்க அவருக்கு வழி பிறக்கவில்லை. ஆயர் ஜேம்ஸ் மெந்தோன்சா அவரைச் சிற்றூர்ப் பங்குகளுக்கு அனுப்பினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் குளித்தலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அவர் உழைத்தார். அவருடைய பங்கு மக்கள் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். தீண்டாமையின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தவர்கள். உபநிடதங்களின் நுண்பொருளை ஆராய வந்த அறிஞர், காய்ச்சலில் கிடப்போரின் குடிசைக்கும் பள்ளிக்கூடத் திண்ணைக்கும் இடையே நடந்து தமிழ் கற்றார். இந்தப் பத்தாண்டுகளை வீணாகிய காலமெனக் கொள்வது தவறு. ஏட்டில் கண்ட இந்தியாவை விட்டு அவர் மண்ணில் கண்ட இந்தியாவுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

1948இல் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. பிரித்தானி கடற்கரையில் 1910இல் பிறந்து, கெர்கொனான் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாக வாழ்ந்த ஹென்றி லெ சோ அவ்வாண்டு ஆகஸ்டில் குளித்தலை வந்தடைந்தார். மறு ஆண்டு சனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டனர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலை சென்று முடியும் அந்த அருணை மலை, லெ சோவின் வாழ்வையே திருப்பிவிட்டது. பின்னர் அம்மலைக் குகைகளில் மௌனமாய்த் தங்கியும், 1955இன் இறுதியில் திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்தரைக் கண்டு அவரடி பணிந்தும் அவர் தம் தேடலைத் தொடர்ந்தார். நம் தென்னார்க்காட்டு மண்ணுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு என்பதை இதனால் அறியலாம்.

1950ஆம் ஆண்டு மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கியது. சாந்திவனம் என்று இடத்திற்குப் பெயர். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்று சொற்களிலும் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளைக் கண்டனர் அவ்விருவர். வங்காளத்துப் பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 1898இல் வடமொழியில் பாடிவைத்த சிந்தனை அது. லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் ஆனார். மொன்ஷனேன் தேர்ந்துகொண்ட பெயரோ பரம அரூபி ஆனந்தர். உருவமற்ற பரம்பொருளாகிய தூய ஆவியின் ஆனந்தம் என்பது அதன் பொருள். கவிஞர்கள் சற்றே நின்று சுவைக்கத்தக்க பெயர் இது.

அவர்களுடைய அன்றாட வாழ்வு மிக எளியது. காவி உடை, கூரைக் குடில், தரையில் படுக்கை, மரக்கறி உணவு. காலை, நண்பகல், மாலை என்னும் மூன்று சந்திகளிலும் வழிபாடு. இடைப்பொழுதெல்லாம் படிப்பும் தியானமும் மௌனமும். கோவிற் கருவறையைப் போன்று இருள் செறிந்த சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. ஆயினும் அக்காலத் திருச்சபை ஒழுங்கின்படி திருப்பலி இலத்தீனிலேயே நிகழ்ந்தது. காவி உடுத்துக் காவிரியில் நீராடியவர் பீடத்தில் நின்றபோது உரோமை மொழியில் வேண்டினார். இரண்டு உலகங்களுக்கு இடைப்பட்ட அந்த வாழ்வின் நெருடல் இதிலேயே தெரிகிறது.

இல்லத்தைக் கட்டிக் காத்தவர் லெ சோ. மொன்ஷனேனுக்குக் கணக்கும் தெரியாது, கட்டடமும் தெரியாது; நூலும் சிந்தனையுமே அவர் உலகம். இருவருக்குமிடையே கருத்து வேறுபாடும் முதிர்ந்தது. அத்துவித அனுபவத்தின் ஆழத்தில் லெ சோ தம்மை மறந்து இறங்க, மொன்ஷனேன் கரையில் நின்று தயங்கினார். மூவொரு கடவுளில் உள்ள அன்புறவு, இரண்டற்ற ஒருமையில் கரைந்துவிடலாகாது என்பதே அவருடைய கவலை. அன்பு கொள்ள இருவர் வேண்டுமன்றோ! நம் பக்தி மரபினர்க்கும் ஏகான்மவாதியர்க்கும் இடையே நூற்றாண்டுகளாய் நிகழ்ந்த அதே வழக்கு, இரண்டு பிரெஞ்சுத் துறவியரின் குடில்களுக்கிடையே மீண்டும் எழுந்தது எனலாம்.

சீடர்கள் வரவில்லை. வந்த ஒரு சிலரும் நிலைக்கவில்லை. ஆண்டுகள் ஏழு கடந்தன. 1957இல் வயிற்றில் கட்டி கண்டு, மருத்துவத்திற்காகப் பாரிசு நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் அங்கேயே காலமானார். இந்திய மண்ணில் இறக்க விரும்பியவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. உலகியல் கணக்கில் இது முழுத் தோல்வி.

லெ சோ பதினோராண்டுகள் தனித்திருந்து அவ்விடத்தைக் காத்தார். பின் 1968இல் அதனைப் பீட் கிரிபித்ஸ் அடிகளிடம் ஒப்படைத்துவிட்டு இமயச் சாரலுக்குப் போனார்; 1973 டிசம்பரில் இந்தூரில் மறைந்தார். கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து துறவியர் இருவருடன் வந்த ஆங்கிலேயரான பீட் அடிகளின் காலத்தில்தான் வனம் தளிர்த்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நிறைவுற்று, மக்கள் மொழி வழிபாட்டிற்குக் கதவு திறந்துவிட்டிருந்தது. இளைஞர் வந்து துறவு பூண்டனர். அயல்நாட்டார் திரளாய் வந்து தங்கினர். காலை வழிபாட்டில் சந்தனமும், நண்பகலில் குங்குமமும், மாலையில் திருநீறும் நெற்றிக்கு ஏறின. திருவிவிலியத்துடன் உபநிடதமும் கீதையும் தமிழ் அருட்பாடல்களும் ஓதப்பட்டன. விடியலிலும் அந்தியிலும் ஒரு மணி நேரத் தியானம். காலையில் விருந்தினரும் துறவியரும் வட்டமாய் அமர்ந்து காய்கறி நறுக்குவர்; தரையில் வரிசையாய் அமர்ந்து உண்பர். பசுத்தொழுவமும் தென்னையும் வாழையும் இல்லத்தின் வயிற்றைக் காத்தன. இல்லம் பின்னர்க் கமால்டோலித் துறவற சபையுடன் இணைந்தது. பீட் அடிகள் 1993 மே 13ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தி அம்மண்ணிலேயே அடங்கினார்.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. காவியும் ஓங்காரமும் மதமாற்றத்தின் மாறுவேடமே என்று இந்துச் சிந்தனையாளர் சிலர் 1980களில் கடுமையாய் எழுதினர். கிறித்தவம் நீர்த்துப் போகிறது என்று கத்தோலிக்கர் சிலர் அஞ்சினர். இவற்றினும் ஆழமான வினா ஒன்றைத் தலித் கிறித்தவச் சிந்தனையாளர் எழுப்பினர். இந்தியப் பண்பாடு என்றால் வடமொழியும் வேதாந்தமும் மட்டுந்தானா? உழைக்கும் மக்களின் பறையும் பாட்டும் அதில் சேராவா? குளித்தலைக் குடிசைகளில் பத்தாண்டு நடந்த ஒருவரின் கனவை நோக்கி இவ்வினா எழுந்தது என்பதே அதன் கூர்மை. அதற்கு நிறைவான விடை இன்னும் கிடைத்துவிடவில்லை. பண்பாடு பேசும் எவரும், கவிஞர் உட்பட, தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவே.

மொன்ஷனேனின் பெருமை அவர் கண்ட வெற்றியில் இல்லை. வளர்ச்சியைக் காணாமலே வளர்ச்சிக்குரிய ஒழுங்கைக் கைவிடாது காத்தமையில் உள்ளது. இரண்டே பேர் இருந்த இல்லத்தில், இருபது பேர் இருப்பது போலவே மூன்று சந்தியும் வழிபாடு நடந்தது. அந்த ஒழுங்கு அறாது நின்றமையாலேயே பின்வந்தோர் அமர்வதற்கு ஓர் இடம் எஞ்சியிருந்தது. பெருமுக்கல் போன்ற சிற்றூரில் தமிழ் வளர்க்கக் கூடும் நம்மைப் போன்றோர்க்கு, வந்தவர் எண்ணிக்கையைவிடக் கூட்டம் தவறாது கூடியதே பெரிது என்னும் உண்மையை அவர் வாழ்வு உணர்த்துகிறது. விதைத்தவர் அறுப்பதில்லை, ஆயினும் விதைத்தவரின்றி அறுவடையும் இல்லை.