ஏசி கரண்ட் மீது எடிசன் கட்டிய பழி

ஏசி கரண்ட் ஆளைக் கொல்லும், டிசி அவ்வளவு ஆபத்தில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவந்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். அதில் பாதி உண்மை, மீதி வியாபாரம்.

1847-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். ரயிலில் பேப்பர் விற்று, தந்தி ஆபரேட்டராகி, பல்பு மூலம் பேர் வாங்கியவர். 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தார். எல்லாமே டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். சிக்கல் என்னவென்றால், அது ஒரு மைல் தாண்டிப் போகவே திணறியது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கையில் எடுத்த ஏசியோ திசை மாறி மாறி ஓடுவது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி, எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம். எடிசனின் தொழில் ஆட்டம் கண்டது.

1888-ல் ஹரால்ட் பிரவுன் என்பவர் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு ஷாக் கொடுத்துச் சோதித்தார். பிறகு பொதுமேடையிலும் செய்து காட்டினார். 1,000 வோல்ட் டிசியைத் தாங்கிய நாய், 330 வோல்ட் ஏசியில் செத்தது. ஏற்கெனவே வதைபட்டு நொந்த நாய் அது என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள்.

ஆனாலும் விஷயம் வெறும் புரளி இல்லை. வீட்டு ஏசி நொடிக்கு 50, 60 சுற்று அடிக்கிறது. ஒவ்வொரு சுற்றும் நரம்பைத் தூண்டுவதால் தசை இறுகிப்போகும். கம்பியைப் பிடித்த கை விடவே விடாது. இதற்குச் சுமார் 10 மில்லிஆம்பியரே போதும். டிசி பெரும்பாலும் தொடும்போது ஒரு உதறல், விடும்போது ஒரு உதறல். இதயத் துடிப்பைக் குலைக்கவும் அதற்கு மூன்று, நான்கு மடங்கு கரண்ட் வேண்டும். அதற்காக டிசி சாதுவும் இல்லை. வோல்டேஜ் கூடினாலோ, கை ஈரமாக இருந்தாலோ ரெண்டுமே எமன்தான்.

மரண தண்டனையே கூடாது என்றவர் எடிசன். பஃபலோ நகரப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் சவுத்விக், மின்சாரத்தால் தண்டனையை நிறைவேற்ற யோசனை கேட்டபோது முதலில் மறுத்தார். திரும்பவும் கேட்டதும், வெஸ்டிங்ஹவுஸின் ஏசி மெஷின்தான் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தார். 1890 ஆகஸ்ட் 6-ல் ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லரை நாற்காலியில் கட்டினார்கள். 17 நொடி ஷாக். இறந்துவிட்டதாக அறிவித்த பிறகும் மூச்சு இழுத்தது. மறுபடி பாய்ச்சியதில் உடல் கருகி நாறியது. நொடியில் போகும் உயிர் என்ற வாக்குறுதி அங்கேயே பொய்த்தது.

(டாப்ஸி என்ற யானையை எடிசன் கொன்ற கதையை நம்ப வேண்டாம். அது 1903-ல் பூங்கா உரிமையாளர்கள் செய்தது. படம் எடுத்ததுதான் எடிசன் கம்பெனி.)

1892-ல் கம்பெனி இணைப்பில் ஜெனரல் எலெக்ட்ரிக் பிறந்தபோது, பெயர்ப்பலகையில் எடிசன் இல்லை. அடுத்த ஆண்டே சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வெளிச்சம் தந்தது வெஸ்டிங்ஹவுஸின் ஏசி. 1931-ல், 84 வயதில் எடிசன் காலமானார். நியூயார்க்கில் அவர் தொடங்கிவைத்த டிசி விநியோகத்தின் கடைசி இணைப்பு 2007-ல்தான் துண்டிக்கப்பட்டது.