ஜர்னைல் சிங்

ஜர்னைல் சிங் தில்லான் (பெப்ரவரி 20, 1936 - அக்டோபர் 13, 2000) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். நாட்டின் தலைசிறந்த பின்கள ஆட்டக்காரர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

1947 பிரிவினையின்போது இவரது குடும்பம் மேற்குப் பஞ்சாபிலிருந்து ஓசியார்ப்பூர் மாவட்டத்துப் பனாம் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. மகில்பூர் கால்சா கல்லூரியில் பயின்றார்.

ஆட்ட வாழ்க்கை

1959 முதல் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்காக விளையாடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பங்கேற்றார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இவரது தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. இவரைப் பின்களத்தில் நிறுத்துவது இயலாத நிலையில், பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் இவரை முன்களத்தில் ஆடச் செய்தார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என வென்றிருந்த தென் கொரியாவே இறுதியாட்டத்தில் எதிரணி. அதில் பி. கே. பானர்ஜியும் இவரும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. பீட்டர் தங்கராஜ் கோல்காப்பாளராக ஆடினார்.

1964 இல் அருச்சுனா விருது பெற்றார். 1965 முதல் 1967 வரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.

பயிற்சியாளர்

1970 இல் பஞ்சாப் அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது இவர் அவ்வணியின் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பின்னர்ப் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் உயர் பதவி வகித்தார்.

மறைவு

கனடாவின் வான்கூவரில் காலமானார்.