பறையின் பெயரை உயர்த்திய பெருந்தகை

தமிழரின் இசைக்கருவிகளுள் பறை மிகத் தொன்மையானது. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது தொல்காப்பியம். பறை என்னும் சொல்லுக்குப் பேசுதல் என்பதும் பொருள். மலையாள மொழியினரோடு தோட்டங்களில் பழகிவரும் வால்பாறை மக்களாகிய நமக்கு இப்பொருள் புதிதன்று. பறை முழக்கிய குடியைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக வைத்துப் புறநானூற்றில் பாடினார் மாங்குடி கிழார். பிற்காலத்திலோ கருவியும் குடியும் ஒருங்கே இழிவுபடுத்தப்பட்டன. இழவு வீடுகளில் பறையடித்தல் கட்டாய வேலையாயிற்று.

அவ்விழிவை எதிர்த்து, அப்பெயரையே கொடியாக உயர்த்தியவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார். செங்கற்பட்டு வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர், கல்வி பயின்றது நம் கோயம்புத்தூரில். அங்கு ஏறத்தாழ நானூறு மாணவருள் பிராமணர் அல்லாதார் பத்துப் பேரே. தம் குலத்தைப் பிறர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து படித்து, அதன் பின்னரே வகுப்பினுள் நுழைவாராம்.

பெயரை மறைத்த அம்மாணவரே 1891இல் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழையும் தொடங்கினார். நான்கு பக்கங்களே கொண்ட அவ்விதழின் விலை இரண்டணா. தன் இனப்பெயரைச் சொல்ல நாணுபவன் உரிமையைக் கேட்கவும் நாணுவான் என்பதே அவர் கண்ட உண்மை. பறை ஊருக்குச் செய்தி சொன்னதுபோல, அவ்விதழும் நம் மக்களின் குறைகளை அரசின் செவிக்கு எட்டச்செய்தது.

அப்பெயர் வேண்டா எனக் கருதியோரும் நம் தலைவர்களே. எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசின் ஏற்பைப் பெற்றது. வழிகள் இரண்டாயினும் நாடியது மானம் ஒன்றே.

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பிய சீனிவாசனார், சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடினார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

இளைஞர்களே! ஆவின் தோல் மிருதங்கத்திலும் உண்டு. அது மட்டும் சபை ஏறியது எவ்வாறு? தீட்டு கருவியில் இல்லை; மாந்தர் மனத்திலேயே இருந்தது. 2025இல் பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏவலுக்காகப் பறையைத் தொடாதீர்கள். கலைக்காகத் தொட நாணாதீர்கள். ஒரு கையில் பறையும் மறு கையில் நூலும் ஏந்துவதே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.